பதினோராம் பெட்டியில் விட்ட இடம்

"ஞாயித்துக்கிழமை வர்றேன், ஒரு நல்ல சேதி இருக்கு" என்று பெரியப்பா போனில் சொன்ன இடத்தில் போன வாரம் நின்றோம். அவர் நல்ல சேதி என்று சொன்னால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் தலைவலி மாத்திரையைத் தேடுவார். இன்னொருவர் வெளியே போக ஏதாவது வேலை இருக்கிறதா என்று யோசிப்பார். சின்னவளுக்கு இரண்டுக்கும் வழியில்லை. மாத்திரை தீர்ந்திருந்தது. கடை லீவு.

சின்னவள் என்பது அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த அன்று விழுந்த பெயர். ஐம்பதைத் தாண்டியும் உதிரவில்லை. ஷூக் கடையில் குழந்தைகள் பிரிவு அவளுடையது. உதைக்கிற கால்களைப் பிடித்து ஷூ மாட்டிவிடுவதே இருபத்திரண்டு வருடமாகப் பிழைப்பு. கணவர், அதாவது பெரியப்பாவின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். ஆனால் குடும்பத்தில் அவருக்கு அட்டைக்காரர் என்றுதான் பெயர். அவர் போய் ஏழு மாதமாகிறது.

அட்டை என்றால் வங்கி அட்டையோ அடையாள அட்டையோ அல்ல. நெருப்பு கக்கும் ஆமை, மூன்று தலைக் குதிரை, இடியைக் கையில் பிடித்திருக்கும் வீரன் என்று படம் போட்டு, பாக்கெட்டில் விற்கிற விளையாட்டு அட்டைகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை மாற்றிக்கொண்டால் விளையாட்டு. தலை நரைத்தவர்கள் மாற்றிக்கொண்டால் சேகரிப்பு.

சேகரிப்பு முற்றியவர்கள் தங்கள் அட்டைகளைத் தரம் போடும் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் விளக்கின் கீழே வைத்து, மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, இனி யாரும் திறக்க முடியாதபடி மூடித் திருப்பி அனுப்புவார். அந்தக் கூட்டுக்கு ஸ்லாப் என்று பெயர். தம்பி வீட்டுக்கு ஸ்லாப் வந்திருக்கிறது என்று முதன்முதலில் கேள்விப்பட்ட பெரியப்பா, மாடி கட்ட அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று கேட்டார்.

அட்டைக்காரர் எப்போதும் ஆக மலிவான, ஆக மெதுவான வரிசையில்தான் அனுப்புவார். மாதக்கணக்கில் ஆகும். அதனால் அவர் போன பிறகும் பார்சல் வருவது நிற்கவில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கூரியர்காரர் மணியடித்து, அவர் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்பார். முதல் தடவை சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். இரண்டாம் தடவை, "குளிச்சிட்டிருக்காரு, நான் வாங்கிக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகு வந்த மூன்று தடவையும் அவர் குளித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஐந்து பார்சல் வந்தாயிற்று. நான்கு பாக்கி.

அவருடைய போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு, காலையில் எழுந்ததும் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். நான்கு எண்கள். நான்குக்கும் நேரே 'வரிசையில் உள்ளது'. அதன் பக்கத்தில், எந்த மாதம் கிடைக்கலாம் என்று உத்தேசமாக ஒரு குறிப்பு. முதலாவது அடுத்த மாதம். கடைசியானது இன்னும் ஏழு மாதம் கழித்து. அதைப் பார்த்த பிறகுதான் பல் தேய்ப்பாள். அவர் வேலை பார்த்த இடம், வங்கி, நூலகம் எல்லாம் அவர் பெயரை அடித்து முடித்துவிட்டன. அந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான் அவருக்கு இன்னும் ஏதோ வர வேண்டியிருந்தது.

வருகிறதை எங்கே வைப்பது என்பது அந்த வீட்டில் பழைய வழக்கு. இரண்டு அறை, ஒரு நடை. பெரியப்பா முப்பத்தோரு வருடம் ஒரு அலுவலகத்தின் பதிவறையை ஆண்டவர். பொருளைப் பாதுகாப்பது பற்றித் தன்னைக் கேட்காமல் யாரும் ஒரு குண்டூசியைக்கூட எங்கேயும் வைக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். முதலில் தீப்பிடிக்காத இரும்புப் பெட்டகம் வாங்கச் சொன்னார். அதைத் தூக்கிவர ஆறு பேர் வேண்டும், வைத்தால் தரை தாங்காது என்றதும், இழுப்பறை இழுப்பறையாக வருகிற அலமாரியைச் சிபாரிசு செய்தார். அதன் விலைக்கு வீட்டிலுள்ள எல்லாச் சாமானையும் மாற்றிவிடலாம். கடைசியில் தானே மனமிரங்கி, விளக்கு எரிகிற கண்ணாடி ஷோகேஸ் ஒன்றைப் பரிசளித்தார். அந்த விளக்கில் நான்கு மாதம் நின்ற சிவப்பு நாகம் ரோஸ் நாகமாக வெளுத்தது. இப்போது அந்த ஷோகேஸில் துண்டுகளும் தலையணை உறைகளும் பிரகாசமாகக் காட்சி தருகின்றன.

வழி கண்டுபிடித்தவள் சின்னவள்தான். ஒரு நாள் ஒரு ஸ்லாப்பைக் கைப்பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனாள். மதியம் கூட்டம் குறைந்ததும் ஒவ்வொரு அளவுப் பெட்டியிலும் வைத்துப் பார்த்தாள். பெரியவர்கள் பெட்டியில் அது அங்குமிங்கும் ஆடியது. கைக்குழந்தை பெட்டியில் மூடி மூடவில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் ஷூ வருகிற பெட்டியில் ஸ்லாப்பைப் பக்கவாட்டில் நிறுத்தினால், அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. ஒன்றின் பின் ஒன்றாக முப்பது. ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழாமல் இருக்க, ஷூவைச் சுற்றி வருகிற மெல்லிய தாளை மடித்து இடையில் வைத்தாள். ஈரம் உறிஞ்ச, ஷூவுக்குள் வருகிற சின்ன மணிப் பொட்டலம் பெட்டிக்கு இரண்டு. எல்லாமே கடையில் குப்பைக்குப் போகிறவை.

அலமாரியின் தலையில் வைத்தால் சூடு. தரையில் வைத்தால் வீடு துடைக்கிற ஈரம். அதனால் வெயில் எட்டாத நடையில், இடுப்பு உயரப் பலகையில், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் போகாமல் அடுக்கினாள். நான்காவது ஏறினால் அடிப்பெட்டி வயிறு பிதுங்கும். அட்டைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, அன்று முழுவதும் அவளை மேனேஜர் என்று கூப்பிட்டார்.

இப்போது பத்துப் பெட்டி நிறைந்து, பதினோராவதில் நான்கு ஸ்லாப் நிற்கிறது. வர வேண்டியவை இருபத்தாறு. அவற்றுக்கு இடம் விட்டு, இருக்கிறவை சாய்ந்துவிடாமல் இருக்க நான்கு காகித உருண்டைகளை வைத்திருக்கிறாள். ஒரு பார்சல் வந்தால் ஒரு உருண்டையை எடுக்க வேண்டும் என்பது கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைத் திறந்தபோது அந்த நான்கு எண்களையும் காணோம். 'இந்தக் கணக்கு மூடப்பட்டுள்ளது' என்று மட்டும் இருந்தது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். எங்கே நின்று பார்த்தாலும் கணக்கு மூடித்தான் இருந்தது. பல் தேய்க்காமலே மகளிடம் போனாள். மகளுக்கு இருபத்து நான்கு வயது, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை. வாயைத் திறக்கவே பயந்து வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துச் சமாதானப்படுத்துவதில் கெட்டிக்காரி.

"அவங்க பக்கம் ஏதாச்சும் ரிப்பேரா இருக்கும்மா" என்றாள் மகள், துணி மடித்தபடியே. போனை வாங்கிப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குப் பெரியப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் துணிப்பை. கூடத்தில் இருக்கிற நாற்காலிகளில் எது தலைமை தாங்கத் தகுந்தது என்று ஒரு கணம் பார்த்து அதில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம், டீ வேண்டாம், முதலில் விஷயம் என்றார். இரண்டையும் குடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார்.

விஷயம் ஒரு கடிதம். நான்கு பக்கம். எழுதியவர் அவர், எழுதப்பட்டது தரம் போடும் கம்பெனிக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, மேற்படி பொருளிலிருந்து அவர் ஓய்வு பெறவில்லை. இளைய சகோதரர் காலமானதைக் குடும்பத்தின் மூத்தவர் என்ற முறையில் தெரிவிப்பதாகவும், அன்னாரின் பெயரில் நிலுவையிலுள்ள நான்கு உருப்படிகளையும் மேல்நடவடிக்கை ஏதுமின்றி உடனே தன் முகவரிக்குத் திருப்பி அனுப்பிக் கணக்கை முடித்துவைக்கும்படியும் அதில் கேட்டிருந்தார். இணைப்பாக இறப்புச் சான்றிதழ், ஏழு நகல், ஏழிலும் முத்திரை. கம்பெனிக்காரர்கள் படித்துவிட்டுச் செய்தார்களோ, படிக்கப் பயந்து செய்தார்களோ, பதினைந்தே நாளில் பார்சலை அனுப்பிவிட்டார்கள். பக்கத்தைத் திருத்தத்தான் இன்றுவரை ஆனது.

முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். இரண்டாம் பக்கம் திருப்பும்போது சின்னவள் முகத்தைப் பார்த்து, மிச்சத்தைச் சுருக்கிக்கொண்டார். துணிப்பையிலிருந்து நான்கு சின்னப் பார்சல்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இந்தாம்மா. அவன் பேர்ல இனிமே எதுவும் பாக்கி இல்ல."

சின்னவள் பார்சல்களைத் தொடவில்லை. எண்ணினாள். நான்கைத் திரும்பத் திரும்ப எண்ணினால் ஐந்தாகாது.

"எல்லாமேவா மாமா?" கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"எல்லாமே. சுத்தமா முடிச்சாச்சு."

பாராட்டுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது வரும் வழியைக் காணோம். நான்கு பார்சல் பாக்கி இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சின்னவள் கேட்டாள். பெரியப்பா ஃபைலின் நாடாவை அவிழ்த்துக் கட்டினார். மகள்தான், மடித்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, தான்தான் சொன்னதாகச் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் நீ அந்தக் கூரியர்காரர்கிட்ட அப்பா குளிக்கிறார்னு சொல்றே. நான் உள்ள உக்காந்து கேட்டுட்டிருக்கேன்மா. குளியலறை காலியா இருக்கு, நான் அதையே பாத்துட்டிருக்கேன்."

"அதனால?"

"அதனால ஒரு நாளைக்கு இது முடியட்டும்னு நினைச்சேன்."

"எனக்கு இன்னும் ஏழு மாசம் இருந்துச்சு" என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை. பெரியப்பாவுக்கு அது விளங்கவில்லை. ஏழு மாதத்தை மிச்சப்படுத்திக் கொடுத்ததற்காக யாரும் வருத்தப்பட்டு அவர் பார்த்ததில்லை.

பார்சலைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிடலாமா என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நான்கையும் ஒளித்து வைத்து இரண்டு மாதத்துக்கு ஒன்றாக எடுக்கலாம். ஆனால் தானே வைத்துத் தானே எடுப்பதில் யார் மணியடிப்பது? கத்தரிக்கோலை எடுத்து முதல் பார்சலின் ஓரத்தை வெட்டினாள்.

உள்ளே ஸ்லாப் இல்லை.

மேல்நடவடிக்கை ஏதுமின்றி என்று பெரியப்பா எழுதியிருந்தார் அல்லவா. கம்பெனி அதைச் சொல்லுக்குச் சொல் மதித்திருந்தது. மார்க் இல்லை, கூடு இல்லை. அட்டைக்காரர் எப்படிக் கட்டி அனுப்பினாரோ, ஒருமுறை திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு அதே கட்டாகத் திருப்பியிருந்தார்கள்.

இதுவரை வந்த பார்சல்களில் அவர் கைபட்டது எதுவும் வந்ததில்லை. கம்பெனியின் டப்பா, கம்பெனியின் பிளாஸ்டிக், கம்பெனியின் எழுத்து. அவர் கட்டியதை அவர்கள் அங்கேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இன்றுதான் அவருடைய கட்டு வந்திருக்கிறது. ஏழு அட்டை, ஒவ்வொன்றும் மெல்லிய உறையில். முன்னும் பின்னும் கெட்டித் தாள். அவள் கடைப் பெட்டியின் மூடியிலிருந்து வெட்டியது, அதில் அச்சிட்ட யானைப் படம் பாதி தெரிந்தது. ரப்பர் பேண்டு நீளவாக்கில் இரண்டு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. டிபன் டப்பாவையும் அவர் அப்படித்தான் கட்டுவார்.

அவற்றைப் பதினோராம் பெட்டிக்கு எடுத்துப்போய் ஒரு காகித உருண்டையை எடுத்துவிட்டு நிறுத்திப் பார்த்தாள். கூடு இல்லாத அட்டை நிற்கவில்லை. மெல்ல வளைந்து, வழுக்கி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி படுத்தது. கூடத்திலிருந்து பெரியப்பா, இதற்கென்று ஆல்பம் விற்கிறார்கள், அதில் பக்கத்துக்கு ஒன்பது வைக்கலாம் என்று ஆலோசனை சொன்னார். ஆலோசனைக்கு மட்டும் அவரிடம் எப்போதும் இடம் இருந்தது.

மற்ற மூன்றையும் நடையிலேயே உட்கார்ந்து பிரித்தாள். முதல் கட்டையும் சேர்த்து, நான்கிலும் அவர் நிரப்பிய படிவம் நான்காக மடித்திருந்தது. பெரிய பெரிய எழுத்து. லிஃப்டுக்குள் ஒட்டுகிற அறிவிப்பு மாதிரி எழுதுவார். நான்கையும் தரையில் விரித்தாள்.

நான்கிலும் ஒரே தேதி.

அவர் ஒரு தடவைக்கு ஒரு கட்டுதான் அனுப்புவார். ஒரே நாளில் நான்கு அனுப்பியதாக அவளுக்குத் தெரியாது. வேகம் என்ற கட்டத்தைப் பார்த்தாள். முதல் படிவத்தில் பத்து மாதம். அடுத்ததில் பன்னிரண்டு. அடுத்ததில் பதினான்கு. கடைசியில் பதினாறு. ஒன்றோடொன்று சேர்ந்து வந்துவிடாதபடி, இரண்டிரண்டு மாதம் தள்ளித் தள்ளி டிக் அடித்திருந்தார்.

பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் எப்போதும் அவருடைய பெயர்தான் இருக்கும். கூரியர்காரர் கூப்பிட்டது அதைத்தான். இந்த நான்கிலும் அவளுடைய பெயர் இருந்தது. சின்னவள் இல்லை. முழுப் பெயர், இனிஷியலோடு. அந்த வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர்.

அவள் மறுபடி தேதிக்குப் போனாள். அவர் லிஃப்ட் இயந்திர அறையில் மயங்கி விழுந்ததற்கு ஆறு வாரம் முந்தைய தேதி. விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில்தான் நோயின் பெயர். அதற்குப் பிறகு மூன்றே வாரம். அப்படித்தான் இத்தனை நாளும் அவள் எல்லோரிடமும் சொல்லிவந்தாள். யாருக்கும் தெரியாம வந்துடுச்சு, அவருக்கே தெரியாது என்று.

அந்தத் தேதி அவளுக்கு நினைவிருந்தது. கடையில் வருடாந்திரச் சரக்குக் கணக்கெடுப்பு, மதியத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது அவர் இதே நடையில், இதே இடத்தில், அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டாள். எல்லா லிஃப்டும் நல்லா ஓடுது, எனக்கு என்ன வேலை என்றார். அவளும் சிரித்துவிட்டு, டீ போடப் போய்விட்டாள்.

நான்கு படிவங்களையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பெரியப்பாவின் முன்னால் மேஜையில் வைத்தாள். தேதியின் மேல் விரலை வைத்தாள்.

"மாமா. இவருக்கு அப்பவே தெரியுமா?"

பெரியப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார். ஏதோ விதி எண் சொல்லப்போகிறவர்போல் தொண்டையைக் கனைத்தார்.

"டெஸ்ட் ரிசல்ட் வாங்க நான்தான் கூடப் போனேன்" என்றார் கடைசியில். "சொல்லக் கூடாதுன்னுட்டான். எம் மேல சத்தியம் பண்ணு அண்ணேன்னான்."

சின்னவள் படிவத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"கீழ் வீட்டுக்காரர் பல் செட்டு வச்சிருக்காருன்னு தெரு பூரா சொன்னீங்க. எனக்குச் சம்பளம் ஏறினதை எனக்கு முன்னாடியே உங்க வீட்டுல சொன்னீங்க. உங்க வாயில நின்ன விஷயம் ஒண்ணே ஒண்ணுதானா மாமா? அது இதுதானா?"

முப்பத்தோரு வருடப் பதிவறை அதிகாரி ஃபைலை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். தலைமை தாங்கும் நாற்காலியில் அவர் இப்போது ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

"பார்சல் வந்துச்சுன்னு நீ போன்ல சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயம்மா. இன்னும் எத்தனை வருமோ, என்னைக்காச்சும் ஏதாச்சும் கேட்டுருவியோன்னு. என்னால முடியல. அதான், முடிச்சிரலாம்னு." துண்டை எடுக்கப் பைக்குள் கை விட்டார். அவர் கொண்டுவந்தது ஃபைலும் பார்சலும் மட்டும்தான். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட கை நனைந்து சுருங்கியது.

நோய் தெரிந்த பிறகு, மயங்கி விழும்வரை ஆறு வாரம் அவர் இந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார், அவளைக் கேலி செய்திருக்கிறார். அந்த ஆறு வாரத்தில் அவள் அவரிடம் என்னென்ன பேசினாள் என்று யோசித்தாள். தண்ணீர்க் குழாய் ஒழுகுவது. கடையில் புது மேனேஜர். செருப்பை வாசலில் கழற்றாமல் உள்ளே வருவது. செருப்புக்காக ஒருநாள் முழுக்கப் பேசாமல்கூட இருந்தாள். ஆறு வாரத்தில் ஒரு நாள்.

கூடத்தில் பெரியப்பா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் சின்னவளுக்கு இன்னொரு சத்தம் கேட்காமல் இருப்பது உறைத்தது.

மகள் துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவள் எழுந்து வந்து படிவத்தைப் பார்க்கவில்லை. எப்ப தெரியும், என்ன தெரியும், எங்ககிட்ட எதுக்கு மறைச்சீங்க என்று பெரியப்பாவின் சட்டையைப் பிடிக்கவில்லை. அப்பாவைப் பற்றி இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிற எந்தப் பெண்ணும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல், ஒரு தலையணை உறையை நாலாவது தடவையாகப் பிரித்து மடித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

சின்னவள் அவள் எதிரில் போய் நின்றாள்.

"நீ ஏண்டி ஒண்ணுமே கேக்கல?"

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தாள்.